ஈறும் முதலும் இணைய வேண்டும்

அந்தாதி பாடும் புலவர்க்கு ஒரு பாடலின் ஈறே அடுத்த பாடலின் முதல். நூறு பாடல்கள் பாடிய பின்னரும் அவர் பணி நிறைவுறுவதில்லை. இறுதிப் பாடலின் ஈறு முதற்பாடலின் தொடக்கத்தோடு சென்று பொருந்துதல் வேண்டும். இதனை மண்டலித்தல் என்பர். கலம்பகத்திற்கும் இவ்வமைப்பு உண்டு. இசுலாமியத் தமிழ்ப் புலவர் பலரும் இவ்வகையில் பாடிச் சிறந்துள்ளனர். ஆண்டுதோறும் வகுப்பில் இதனை விளக்கி வரும் எனக்கு, இதே இலக்கணம் கணிப்பொறித் திரையிலும் ஆட்சி செய்வதை உணர்த்தியவர் என் மாணவர் ஒருவர்.

அவர் விடுமுறையில் ஒரு பயிற்சி நிலையத்தில் பணம் கட்டி, அசைபட மென்பொருள் பயின்று சான்றிதழும் பெற்றவர். தொடக்கப்பள்ளிக் குழந்தைகளுக்கு ‘ழ’ என்னும் எழுத்தை எழுதிக் காட்டும் சுழல் அசைபடம் ஒன்றைத் துறை விழாவிற்கெனச் செய்து வந்தார். முடிந்ததும் தானே மீண்டும் தொடங்கி ஓடிக்கொண்டிருப்பதே சுழல் அசைபடம். ‘லூப்’ என இளைஞர் கூறுவது இதனைத்தான். அவர் படத்தில் கோடு அழகாகவே வளர்ந்தது. ஆனால் எழுத்து முழுமை பெற்ற அக்கணமே மறைந்து, மீண்டும் முதலிலிருந்து தொடங்கிற்று. பார்த்திருந்த சிறுமி ஒருத்தி, “எழுத்து எங்கே முடிஞ்சுது?” என்று கேட்டாள். ஓரத்தில் அழகுக்காக அமைத்த சக்கரமோ ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை திக்கித் திக்கிச் சுழன்றது. மென்பொருளின் பொத்தான் அனைத்தையும் அறிந்த அம்மாணவர்க்குப் பிழை எங்குள்ளது என்பது மட்டும் விளங்கவில்லை. அது அவர் குற்றமன்று. பொத்தான்களைக் கற்பித்தவர்கள் பார்க்கக் கற்பிக்கவில்லை.

காலக்கோட்டின் இலக்கணம்

இவ்வகை மென்பொருள்களில் படச்சட்டகங்கள் இடமிருந்து வலமாக ஒரு காலக்கோட்டில் நிற்கின்றன. பின்னணி, எழுத்து, சக்கரம் என்பன மேலும் கீழுமாக அடுக்குகளாய் அமைகின்றன. ‘கீஃப்ரேம்’ எனப்படும் முதன்மைச் சட்டகங்களை நாம் குறித்துத் தந்தால், இடைப்பட்ட நிலைகளைக் கணிப்பொறி தானே நிரப்பிவிடும். நொடிக்கு 24 சட்டகங்கள் என்பது திரைப்படத்துறை வகுத்த வழக்கு.

சக்கரம் திக்கியது ஏன்? அம்மாணவர் முதற் சட்டகத்திலும் இறுதிச் சட்டகமாகிய 24ஆம் சட்டகத்திலும் ஒரே நிலையை வைத்திருந்தார். படம் சுழலும்போது அந்நிலை இருமுறை அடுத்தடுத்துத் தோன்றிற்று. கண் அதனைத் தடையாக உணர்ந்தது. முதற் சட்டகத்தின் படியை 25ஆம் சட்டகத்தில் வைத்து, 1 முதல் 24 வரை மட்டுமே ஓடச் செய்தல் வேண்டும். இரண்டாவது பிழை வேகத்தில் இருந்தது. அசைவு மெல்லத் தொடங்கி மெல்ல அடங்கும் முறை ஊஞ்சலுக்கு ஏற்றது; ஓயாது சுழலும் சக்கரத்திற்குச் சீரான வேகமே தகும். இன்னொன்றும் உண்டு. ஒரேமாதிரியான எட்டு ஆரங்களையுடைய சக்கரத்தை முழுவட்டம் சுழற்றத் தேவையில்லை. 45 பாகை சுழற்றினாலே முதல் நிலையோடு ஒத்துவிடும்.

எழுத்தின் பிழையோ இடைவெளி இன்மையால் நேர்ந்தது. எழுதுவதற்கு 72 சட்டகங்கள், முழு எழுத்தும் நிலைத்து நிற்க 24, மெல்ல மறைய 12, வெற்றுப் பலகையாய் இருக்க 12 என 120 சட்டகங்களாக, அதாவது ஐந்து நொடிகளாக, வகுத்தோம். வெறும் பலகையில் தொடங்கி வெறும் பலகையிலேயே முடிந்தமையால் ஈறும் முதலும் இணைந்தன. சக்கரத்தின் 24 சட்டகச் சுழற்சியும் 120இல் ஐந்து முறை மீதியின்றி அடங்கிற்று. அது 32 சட்டகச் சுழற்சியாயின் நான்காம் சுழற்சியின் முக்காற்பங்கில் அறுபட்டுத் தாவியிருக்கும். யாப்பில் சீரையும் தளையையும் எண்ணிப் பழகியோர்க்கு இக்கணக்கு ஒன்றும் புதிதன்று.

மட்கலம் முதல் மென்பொருள் வரை

சுழற்படம் நேற்றுப் பிறந்த கலையன்று. ஈரான் நாட்டின் ஷஹ்ரே சூக்தே என்னும் தொல்நகரில் கிடைத்த, ஏறத்தாழ 5000 ஆண்டுப் பழைமையுடைய மட்கலம் ஒன்றில், ஆடு மரத்தை நோக்கித் தாவி இலையுண்ணும் காட்சி ஐந்து நிலைகளாக வரையப்பெற்றுள்ளது. 1832ஆம் ஆண்டில் பெல்ஜிய நாட்டு அறிவியலார் யோசப் பிளாட்டோ, வட்டத் தட்டில் படங்களை வரைந்து, பிளவுகளின் வழியே கண்ணாடியில் நோக்கி அசையச் செய்தார். கலமும் தட்டும் வட்டமானவை; வட்டத்திற்கு முதலுமில்லை, முடிவுமில்லை. அவ்வட்டத்தை ஓரிடத்தில் வெட்டி நீட்டியதே இன்றைய காலக்கோடு. வெட்டிய தழும்பு தெரியாமல் மீண்டும் பொருத்துவதே கலைஞர் பணி. அப்பணியை மென்பொருள் நமக்காகச் செய்துவிடுவதில்லை.

மேலும், மென்பொருள்கள் நிலைத்திருப்பவை அல்ல. 1996இல் ஃபியூச்சர்ஸ்பிளாஷ் அனிமேட்டர் என்னும் பெயரில் பிறந்து, மேக்ரோமீடியா நிறுவனத்தின் கைக்கு மாறிப் ‘பிளாஷ்’ எனப் புகழ்பெற்று, 2005இல் அடோபி நிறுவனத்தைச் சென்றடைந்த மென்பொருளை எண்ணிப் பாருங்கள். உலகெங்கும் இளைஞர்கள் அதில்தான் சுழற்படம் செய்யப் பழகினர். அப்படங்களை இணையத்தில் இயக்கி வந்த பிளாஷ் பிளேயருக்கான ஆதரவு 2020 திசம்பர் 31ஆம் நாளோடு முடிந்தது. எண்ணற்ற படைப்புகள் ஒரே நாளில் ஊமையாயின. ஆர்வலர் முயற்சியால் அவற்றுட் சில மீட்கப்பட்டு வருகின்றன. அன்று பொத்தான்களை மட்டும் கற்றவர் மீண்டும் அரிச்சுவடியிலிருந்து தொடங்க நேர்ந்தது. அசைவைக் கற்றவரோ வேறொரு கருவியை எடுத்துக்கொண்டு பணியைத் தொடர்ந்தார். ஒரு வாக்கியம் கூறினாலே இயந்திரம் படம் செய்து தரும் காலமும் இன்று வந்துவிட்டது. அவ்வாறு வந்த படம் எவ்விடத்தில் அறுபடுகிறது என்று காணும் கண்ணை நாமே பழக்கிக்கொள்ள வேண்டும்.

நாம் செய்யத்தக்கது

“இதில் தமிழ்த்துறைக்கு என்ன வேலை?” என்று நண்பர்கள் வினவுகின்றனர். தமிழில் எழுத்துகள் 247. அவற்றுள் உயிர், மெய், ஆய்தம் ஆகிய முப்பத்தொன்றையேனும், கை செல்லும் முறைப்படி எழுதிக் காட்டும் சுழற்படங்களாக நம் மாணவர்களே செய்து அருகிலுள்ள பள்ளிகளுக்கு வழங்கலாம். எழுத்தின் வரிவடிவம் எங்குத் தொடங்கி எங்கு வளைந்து எங்கு முடியும் என்பதைச் சொல்லும் கடமை தமிழாசிரியர்க்கு உரியது. கணிப்பொறித் துறையார் கருவியைத் தரட்டும். நாம் வடிவத்தைத் தருவோம். உயிருருவம் வரைவதில் தயக்கமுடைய இல்லத்துப் பிள்ளைகளுக்கும் இங்கே தடையில்லை. எழுத்தும் அலையும் சக்கரமும் பூக்கோலமும் ஓர் ஆயுட்கால உழைப்பிற்குப் போதும்.

பெற்றோர்க்கும் பெரியோர்க்கும் ஒரு வேண்டுகோள். பெருந்தொகை கட்டிப் பிள்ளைகளைப் பயிற்சிக்கு அனுப்புமுன், அங்கே பயின்றவர் செய்த சுழற்படம் ஒன்றைக் கேட்டு வாங்கி, அது பத்து முறை ஓடும்வரை பொறுமையாகப் பாருங்கள். எவ்விடத்தில் முடிந்து எவ்விடத்தில் தொடங்குகிறது என்பது உங்கள் கண்ணுக்குப் புலப்படவில்லையெனில் அங்கே கலை கற்பிக்கப்படுகிறது; தாவுவது தெரிந்தால் சான்றிதழ் மட்டுமே விற்கப்படுகிறது. சின்ஃபிக், பென்சில்2டி, ஓபன்டூன்ஸ், பிளெண்டர் ஆகியன விலையின்றியே கிடைக்கின்றன. வசதியற்ற மாணவர்க்கும் கதவு திறந்தே இருக்கிறது.

மாணவச் செல்வங்களே! கணிப்பொறியின்முன் அமருமுன் பன்னிரண்டு தாள்களை எடுத்து, ஊஞ்சலின் பன்னிரண்டு நிலைகளை வரைந்து, விரலால் புரட்டிப் பாருங்கள். பன்னிரண்டாம் தாளிலிருந்து முதல் தாளுக்குக் கண் தடுக்காமல் செல்கிறதா என்று நோக்குங்கள். சென்றால் எந்த மென்பொருளும் உங்களுக்கு ஏவல் செய்யும்.

அந்த மாணவரின் ‘ழ’ இப்போது பள்ளி ஒன்றின் திரையில் ஓடிக்கொண்டிருக்கிறது. திருத்திய படத்தைக் கண்ட அன்று அச்சிறுமி கேள்வி எதுவும் கேட்கவில்லை; விரலால் காற்றில் எழுதிக்கொண்டிருந்தாள்.