வெறும் பொட்டல் என்று யார் சொன்னது?

ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போகிறவர்கள் ஆண்டாளைச் சேவிக்கிறார்கள். பால்கோவா வாங்குகிறார்கள். ஊர் திரும்பிவிடுகிறார்கள். ராஜபாளையத்துக்குப் போகிறவர்கள் பஞ்சாலையையும் மாம்பழத்தையும் பற்றிப் பேசுகிறார்கள். வெள்ளை நாய் என்ன விலை என்று விசாரிக்கிறார்கள். இந்த இரண்டு ஊர்களையும் சுற்றி, மாசி மாதத்தில், பல ஆயிரம் மைல் கடந்து வந்த விருந்தாளிகள் தங்கியிருப்பது பலருக்குத் தெரியாது.

அந்த விருந்தாளிகள் பறவைகள்!

ஆண்டாளின் கையில் ஒரு கிளி உண்டு. அது இலைக் கிளி. மரவள்ளி இலையால் உடல், மாதுளம்பூவால் மூக்கு. நாள்தோறும் அதைப் புதிதாகச் செய்கிறார்கள். இலைப் பறவைக்கே இத்தனை மரியாதை செய்யும் ஊர் அது. அங்கே உயிருள்ள பறவைகளைப் பார்க்கவும் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கினால் என்ன?

செலவு அதிகம் இல்லை. இரண்டு ஊர்களுக்கும் நடுவே சுமார் 12 கிலோமீட்டர்தான். ஒரு வேன், கட்டுச்சோறு, தண்ணீர். பைனாகுலர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் குழந்தைகளின் கண்ணே போதும். அவர்கள்தான் முதலில் பார்த்து, "அதோ! அதோ!" என்று கத்துவார்கள். கத்தினால் பறவை பறந்துவிடும் என்பதை இரண்டாவது கண்மாயில் தாங்களே கற்றுக்கொள்வார்கள்.

கண்மாயில் விருந்து

விடிந்ததும் கண்மாய்க்குப் போக வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நிரம்பிய கண்மாய், மாசியில் பாதியாகக் குறைந்துவிடும். விவசாயி பெருமூச்சு விடுவார். பறவைகளுக்கோ அதுதான் விருந்துக் காலம்!

தண்ணீர் ஆழமாக இருக்கும்போது நீந்துகிற நாமக்கோழியும் மூழ்குகிற முக்குளிப்பானும்தான் அங்கே சுகமாக இரை தேடலாம். தண்ணீர் குறையக் குறைய மீனும் நத்தையும் ஒரு பக்கம் ஒதுங்குகின்றன. உடனே நாரைகள் இறங்குகின்றன. மஞ்சள் மூக்கு நாரை வாயைப் பாதி திறந்து தண்ணீரில் துழாவுகிறது. நத்தைகுத்தி நாரை நத்தையைத் தேடுகிறது. கரையோரச் சேற்றில் உள்ளான்கள் ஓடி ஓடிப் புழு பொறுக்குகின்றன. நடுத் தண்ணீரில் ஒரு கூட்டம் வாத்துகள் மிதக்கின்றன. அவற்றில் நீலச்சிறவியும் இருக்கலாம். அது முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் இடம் சைபீரியா போன்ற வடநாடுகள். திரும்பிப் போகும் நெடும் பயணத்துக்கு வேண்டிய கொழுப்பை, இங்கே தின்றுதான் அது உடம்பில் சேர்க்க வேண்டும்.

அந்தச் சமயத்தில் மனிதர்கள் செய்வது என்ன? "வற்றிப்போன கண்மாய்தானே!" என்று குப்பையைக் கொட்டுகிறவர்கள் உண்டு. கரையை வெட்டி இடம் பிடிக்கிறவர்களும் உண்டு.

கரிசலும் பொட்டலும்

கண்மாயை விட்டுக் கிழக்கே போனால் கரிசல் நிலம். பருத்தியும் சோளமும் விளையும் பூமி. அங்கே ஆள் உயரத்துக்குச் சற்று மேலே, சிறகை அசைக்காமல் ஒரு பறவை மிதந்து வருகிறதா? அது பூனைப்பருந்து. மத்திய ஆசியாவின் புல்வெளிகளிலிருந்து வருவது. வெட்டுக்கிளிகளைத் தின்கிறது. உழவனிடம் கூலி கேட்பதில்லை! இரவில் அது மரத்தில் தூங்குவதில்லை. புல் நிறைந்த தரையில்தான் தூங்குகிறது.

பக்கத்தில் கல்லும் முள்ளுமாக ஒரு பொட்டல். பத்து நிமிடம் சும்மா நின்றால் போதும். கம்பியில் உட்கார்ந்திருந்த பனங்காடை நீலச் சிறகை விரித்து இறங்கும். கௌதாரி குடும்பத்தோடு ஓடும். வானம்பாடி இந்த மண்ணில்தான் கூடு கட்டுகிறது.

ஆனால் கணக்கேட்டில் அந்த நிலத்துக்குப் பெயர் "தரிசு". ஆகவே அதுதான் முதலில் போகிறது. கல் நடுகிறார்கள். கொடி கட்டுகிறார்கள். மனை விற்பனை தொடங்கிவிடுகிறது.

ராஜபாளையத்துக்கு மேற்கே, அய்யனார் கோவில் பக்கம் மலையடிவாரத்தில் நிலைமை வேறு. சாம்பல் நிற மலை அணிலுக்காக 1988-ல் சரணாலயம் ஏற்பட்டது. 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. காட்டுக்குச் சட்டம் இருக்கிறது, காவலர் இருக்கிறார். மிக நல்லது. மலைக்குக் கீழே கிடக்கும் பொட்டலுக்கு யார் இருக்கிறார்கள்? பூனைப்பருந்து மலைக்காட்டில் போய்ப் பிழைக்க முடியுமா? உள்ளான் மரத்தில் ஏறிப் புழு தேடுமா?

"மனிதனுக்கு வீடு வேண்டாமா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். வீடு வேண்டும். ஆனால் கண்மாய்க்குள் கட்டிய வீட்டுக்கு ஐப்பசியில் தண்ணீர் வந்து கதவைத் தட்டும். பொட்டல் முழுவதையும் விட்டுவைக்கச் சொல்லவில்லை. ஊருக்கு ஒரு துண்டு நிலத்தையாவது, மேய்ச்சலுக்கும் பறவைக்கும் என்று பஞ்சாயத்து ஒதுக்கலாமே!

முடியாத காரியமா? திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்தைப் பாருங்கள். அந்த ஊர் மக்கள் தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை. கூழைக்கடாவும் நாரையும் வீட்டு மரங்களிலேயே கூடு கட்டுகின்றன. பறவை எச்சம் கலந்த குளத்து நீர் வயலுக்கு உரமாகிறது. 1994-ல் சரணாலயம் என்று அரசு அறிவிப்பதற்கு வெகு காலம் முன்பே ஊர் அதைச் செய்து வந்தது.

மாலையில் பயணத்தை அடிவாரத்து மாந்தோப்பு ஓரம் முடிப்பது நல்லது. அப்போது மாமரங்கள் பூத்திருக்கும். வனத்துறை அனுமதிக்கும் இடத்தோடு நின்றுகொள்ள வேண்டும். பொழுது சாயும்போது புதருக்குள்ளிருந்து இரட்டைச் சீழ்க்கை ஒலி கேட்கலாம். அதுதான் ஆறுமணிக் குருவி. விடியற்காலையிலும் அந்திப்பொழுதிலும் கூவுவதால் வந்த பெயர். அதுவும் வடக்கே இமயமலை அடிவாரப் பக்கத்திலிருந்து வந்த விருந்தாளிதான். கோடையில் புறப்பட்டுவிடும். அதற்குள் ஒரு முறை போய் வரலாம்.