தாகம் கொண்ட குளிசைகள்

மாரி காலத்திலே உப்புச் சாடி கசிந்து நீர்கோப்பதை அறியாத குடும்பம் இல்லை. உப்புக்கு நேருவது மருந்துக் குளிசைக்கும் நேரலாம் என்பதைச் சென்ற மாதம் எமது அயல்வீட்டிலே கண்டோம். அதுபற்றி இவ்வாரம் சில வார்த்தைகள் கூற விரும்புகின்றோம்.

அவ்வீட்டுச் சிறுவன் வலிப்பு நோய்க்காகச் சோடியம் வல்புரோவேற்று என்னும் குளிசையைக் காலையும் இரவும் தவறாது உட்கொள்பவன். ஒவ்வொரு வேளையும் ஈயத்தாளைக் கிழிப்பது தொல்லையென எண்ணிய பாட்டியார், ஒரு மாதத்துக்குரிய அறுபது குளிசைகளையும் ஒருமிக்க உரித்தெடுத்து, அழகியதொரு கண்ணாடிப் போத்தலிலிட்டுக் குசினித் தட்டிலே வைத்துவிட்டார். சில நாட்களின் பின் ஒரு மாலைப்பொழுதிலே போத்தலைத் திறந்தபோது, குளிசைகள் பிசுபிசுத்து ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. “மட்டமான சரக்கு! கம்பனிக்காரர் ஏமாற்றிவிட்டனர்” என்று வீட்டார் சினந்தனர். எமக்கும் அவ்வாறே தோன்றிற்று. இரவு மருந்து தவறினால் வலிப்பு வந்துவிடுமோ என்ற அச்சத்துடன் மருந்துக்கடைக்கு விரைந்தோம். மருந்தாளர் புதிய குளிசைகளைத் தந்துவிட்டுக் கேட்ட முதற் கேள்வி, “ஈயத்தாளிலிருந்து எடுத்து வைத்தீர்களா?” என்பதே.

அவர் கேட்டதன் காரணம் அம்மருந்தின் இயல்பிலேயே உள்ளது. வல்புரோயிக் அமிலம் 1882 ஆம் ஆண்டிலேயே ஆக்கப்பட்ட ஒரு திரவம். நெடுங்காலம் பிற பொருள்களைக் கரைப்பதற்கே ஆய்வுகூடங்களில் அது பயன்பட்டது. 1962 இல் பிரான்ஸ் தேசத்தில் பியேர் ஏமார் என்பவர் வேறு சில பொருள்களை அதிற் கரைத்துச் சோதித்தபோது, வலிப்பைத் தடுத்தது கரைந்த பொருளன்று, கரைத்த திரவமே என்பது வெளிப்பட்டது. திரவத்தைக் குளிசையாக அழுத்துதல் இயலாதாகையால், அதனைச் சோடியத்துடன் சேர்த்து வெண்ணிறத் தூளான உப்பாக்கினர். அவ்வுப்போ பெருந்தாகம் கொண்டது. வளியிலுள்ள நீராவியை இழுத்து இழுத்து, ஈற்றில் தான் இழுத்த நீரிலே தானே கரைந்துவிடும்.

இத்தகைய தூளைக் குளிசையாக்குவது எங்ஙனம்? தூளை அச்சிலிட்டு அழுத்தும் முறைக்கு 1843 இல் இங்கிலாந்தில் வில்லியம் புறொக்கெடன் என்பவர் காப்புரிமை பெற்றார். இன்றைய யந்திரங்களும் அம்முறையையே பின்பற்றுகின்றன. வழக்கமாக, மருந்துத் தூளை மாப்பசை போன்றதொன்றுடன் ஈரமாகப் பிசைந்து, குறுணலாக்கி, உலர்த்தியபின் அழுத்துவர். ஈரத்தை விரும்பும் மருந்துக்கு இவ்வழி ஆகாது. ஆகவே நீருக்குப் பதிலாக, விரைவில் ஆவியாகிவிடும் மதுசாரத்தைக் கொண்டு பிசைவர். அல்லது ஈரமேயின்றித் தூளை உருளைகளுக்கிடையே நெரித்துத் தகடாக்கி, அத்தகட்டை உடைத்துக் குறுணலாக்குவர்.

அதன்பின்னும் தொல்லை தீர்வதில்லை. சிறிதளவு ஈரம் ஏறினாலும் தூள் யந்திரத்தின் உருக்கு முனைகளில் ஒட்டிக்கொள்ளும். குளிசையின் முகம் பெயர்ந்து வரும். இதைத் தடுக்க மகனீசியம் ஸ்டியரேற்று என்னும் வழுவழுப்பான தூளைச் சிறிது சேர்ப்பர். அது நீரை ஒட்டவிடாது. எனினும் அளவு மிஞ்சினால் குளிசை வயிற்றினுள்ளும் இலகுவிற் கரையாது! மிக நுண்ணிய சிலிக்காத் தூளையும் சேர்ப்பதுண்டு. அது ஈரத்தைத் தான் ஏற்றுக்கொண்டு, மருந்துத் தூள் கட்டிபடாமற் காக்கும். மருந்தையே மாற்றியமைப்பது இன்னொரு வழி. வல்புரோயிக் அமிலத்தையும் அதன் சோடியம் உப்பையும் சம அளவில் இணைத்த கூட்டுப்பொருள் ஈரத்தை அவ்வளவாக இழுப்பதில்லை.

வேலை நடக்கும் அறையின் வளியையும் உலர்த்துதல் வேண்டும். நீரிலிட்டதும் நுரைத்தெழும் குளிசைகளை எடுத்துக்கொள்வோம். அவற்றிலே சித்திரிக் அமிலமும் அப்பச்சோடாவும் அருகருகே காத்திருக்கின்றன. நீர் பட்டதும் தாக்கம் தொடங்கிவிடும். ஆதலால் வளி கொள்ளக்கூடிய நீராவியில் ஏறத்தாழ நாலிலொரு பங்குக்கு மேற்படாத அறைகளிலேயே அவற்றைச் செய்கின்றனர். நமது கரையோர நகரங்களின் வளியிலோ அது பெரும்பாலும் நாலில் மூன்று பங்குக்கும் மேல்!

இவ்வளவும் செய்தபின் குளிசைக்கு மெல்லிய மேற்பூச்சு இடுவர். ஈற்றில் இருபுறமும் அலுமினியத் தகட்டால் மூடுவர். சாதாரண பிளாஸ்டிக் தாளினூடே நீராவி மெல்ல மெல்ல நுழைந்துவிடும். பழுதற்ற அலுமினியத் தகடோ அதற்கு இடங்கொடாது. ஆகவே, நாம் கிழித்தெறியும் அந்தத் தாள் வெறும் உறையன்று. அதுவும் மருந்தின் ஓர் அங்கமே.

ஈரம் பட்ட குளிசைகள் யாவும் ஒரே விதமாய்க் கெடுவதில்லை. அஸ்பிரின் சிதைந்து வினாகிரி மணம் வீசும். வலிப்புக்குக் கொடுக்கப்படும் வேறொரு மருந்தான கார்பமசப்பீன், இளகுவதற்கு மாறாக இறுகிவிடும்; இறுகிய குளிசை வயிற்றிலே சரிவரக் கரையாது. ஈரலிப்பான இடத்தில் வைத்தால் அதன் பயனில் மூன்றிலொரு பங்கு வரை குன்றக்கூடும் என்று அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு நிலையம் 1990 இல் எச்சரித்தது. பார்வைக்குக் குளிசை நல்லதாகவே இருக்கும். நோயாளிக்கோ வலிப்பு வரும். இளகிய குளிசையாவது நமக்கு எச்சரிக்கை தருகின்றது. இறுகிய குளிசை அதுவும் தருவதில்லை.

ஆகவே வாசகர்கள் சிலவற்றைக் கைக்கொள்ளுதல் நன்று. ஈயத்தாளிலுள்ள குளிசையை உண்ணும் வேளையிலேயே பிரித்தெடுக்க வேண்டும். போத்தலில் வருபவற்றை அதே போத்தலில் வைத்து, இறுக மூட வேண்டும். உள்ளேயுள்ள சிறு சிலிக்காப் பையை எறிந்துவிடலாகாது. குசினியும் குளியலறையும் மருந்துக்கு ஏற்ற இடங்களல்ல. படுக்கையறை அலுமாரியின் உயரமான தட்டு, பிள்ளைகளுக்கு எட்டாததாயின், மிக நன்று. குளிசையின் நிறமோ மணமோ உறுதியோ மாறியிருந்தால் மருந்தாளரிடம் காட்டி வேறு பெற்றுக்கொள்ள வேண்டும். வலிப்பு மருந்தாயின், புதியது கிடைக்கும்வரை பொறுத்திருப்போம் எனச் சும்மா இருத்தலாகாது. அன்றைக்கே தேட வேண்டும். ஒரு வேளை தவறுவதும் ஆபத்தாய் முடியலாம்.

அயல்வீட்டுப் பாட்டியார் இரண்டு நாள் மிக வருந்தினார். “பேரனுக்கு நல்லது செய்யப்போய்க் கேடு செய்துவிட்டேனே” என்றார். அவரைக் குறை கூற நமக்கு மனம் வரவில்லை. ஈயத்தாளைக் கிழிக்கலாகாது என்று அவருக்கு எவரும் சொல்லியிருக்கவில்லை. படித்தவர்களென்று பெயர் பெற்ற நாமும் கம்பனிக்காரரையல்லவா ஏசினோம்! இப்பொழுது பேரனுக்கு வேளை தவறாது குளிசையைப் பிரித்துக் கொடுப்பவர் அவரே. அந்த அழகிய போத்தலில் மிளகு இருக்கின்றது.