குலை ஏற்றுபவரிடம் முதலில் கேளுங்கள்

சிரம்பானிலிருந்து ரந்தாவுக்கோ பகாவுக்கோ போகும் சாலையில், செம்பனைக் குலைகளை ஏற்றிய லோரிக்குப் பின்னால் நீங்கள் மாட்டிக்கொண்டிருப்பீர்கள். முந்தவும் முடியாமல் நிற்கவும் முடியாமல், "இந்த லோரி எப்போது ஒதுங்கும்?" என்று அலுத்தும் இருப்பீர்கள். உண்மையில் அந்த லோரி ஓட்டுநர் உங்களைவிட அவசரத்தில் இருக்கிறார். அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு வேதியியல் வினை ஓடிக்கொண்டிருக்கிறது.

செம்பனைப் பழத்தின் சதையில் எண்ணெய் இருக்கிறது. அதே சதையில் அந்த எண்ணெயை உடைக்கக்கூடிய லிபேஸ் என்ற என்சைமும் இருக்கிறது. பழம் அடிபடாமல் இருக்கும்வரை இரண்டும் பெரும்பாலும் ஒன்றையொன்று தொடுவதில்லை. குலையை வெட்டித் தரையில் விழவைத்து, தூக்கி எறிந்து, லோரியில் குவிக்கும்போது பழம் நசுங்குகிறது, செல்கள் கிழிகின்றன, லிபேஸ் எண்ணெயைச் சந்திக்கிறது. எண்ணெய் உடைந்து தனிக் கொழுப்பு அமிலம் உண்டாகிறது. கச்சா செம்பனை எண்ணெயில் இந்த அமிலம் 5 விழுக்காட்டைத் தாண்டினால் தரம் குறைந்தது என்று விலையைக் குறைப்பார்கள். ஆலைக்குள் போனதும் குலைகளை நீராவியில், ஏறத்தாழ 130 முதல் 140 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், அவிக்கிறார்கள். அப்போதுதான் லிபேஸ் உருக்குலைந்து செயலற்றுப் போகிறது. ஆகவே வெட்டிய 24 மணி நேரத்துக்குள் குலை நீராவியைப் பார்த்துவிட வேண்டும் என்பது தோட்டங்களில் பொதுவான கணக்கு.

இந்த ஓட்டத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். குலையை வெட்டுபவர் ஒருவர். நிரையிலிருந்து சாலையோர மேடைவரை கைவண்டியிலோ சிறு டிராக்டரிலோ கொண்டுவருபவர் இன்னொருவர். கொட்டிக் கிடக்கும் உதிரிப் பழங்களைப் பொறுக்குபவர், மேடையில் குலைகளை எண்ணிக் குறிப்பவர், லோரியில் ஏற்றுபவர், ஓட்டுபவர், ஆலை வாசலில் நிறுத்துப் பதிவு செய்பவர் என்று வரிசை நீள்கிறது. கடைகளுக்குப் பொருள் கொண்டுபோவதை மட்டுமே நாம் விநியோகம் என்கிறோம். என்னைக் கேட்டால் நெகிரி செம்பிலானின் மிகப் பழைய விநியோகக் குழு இதுதான். இதற்கு முன்பு, பால்மரக் காலத்தில், உங்கள் தாத்தா பாட்டிகள் வாளிகளைக் காண்டாவில் தொங்கவிட்டு ஸ்டோருக்கு நடந்தார்களே, அதுவும் நேரத்தோடு நடந்த ஓட்டம்தான். வெயில் ஏறினால் பால் உறைந்துவிடும். உறையாமல் இருக்க அம்மோனியா சேர்க்க வேண்டும். இந்த வேதியியலை அவர்கள் பாடப்புத்தகத்தில் படிக்கவில்லை, ஆனால் தவறாமல் கடைப்பிடித்தார்கள்.

இப்போது இந்தக் குழுவின் கையில் புதிய கருவிகள் வந்து சேர்கின்றன. துண்டுச் சீட்டில் பென்சிலால் எழுதிய எண்ணிக்கை கைப்பேசிச் செயலிக்கு மாறுகிறது. லோரியில் ஜிபிஎஸ், மேடையில் கியூஆர் குறியீடு, பழத்தொட்டியில் வானலை அடையாள வில்லை. எந்த மேடையில் எத்தனை குலை காத்திருக்கிறது என்று அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே பார்க்க முடிந்தால், லோரி வெறுமனே அலையாது, குலையும் வெயிலில் கிடந்து அமிலம் ஏறாது. நல்ல யோசனைதான். நான் இதற்கு எதிரி இல்லை.

கருவி சரியாக வேலை செய்யாதபோது சொல்லப்படும் காரணத்துக்குத்தான் நான் எதிரி. "அவர்களுக்குப் படிப்பு போதாது, பழகிக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள்" என்ற பேச்சை நீங்களும் கேட்டிருப்பீர்கள். உங்கள் அப்பாவைப் பற்றியோ பெரியப்பாவைப் பற்றியோகூட யாராவது அப்படிச் சொல்லியிருக்கலாம். அதை ஒப்புக்கொள்வதற்கு முன், நீங்கள் படிக்கும் இயற்பியலைக் கொண்டு கருவியைச் சோதித்துப் பாருங்கள்.

கைப்பேசித் திரையை எடுத்துக்கொள்வோம். அது அழுத்தத்தை உணர்வதில்லை. கண்ணாடிக்கு அடியில் மெல்லிய மின்புலம் இருக்கிறது. மின்சாரத்தைக் கடத்தும் உங்கள் விரல் அருகே வந்ததும் அந்த இடத்தின் மின்தேக்குத்திறன் மாறுகிறது. அந்த மாற்றத்தைத்தான் திரை தொடுதலாகக் கணக்கிடுகிறது. குலையின் முள்ளுக்குப் பயந்து தடித்த கையுறை போட்டவரின் விரலை அது உணராது. மழைத்துளியோ வியர்வையோ விழுந்தால் தொடாத இடத்தைத் தொட்டதாக நினைத்துக்கொள்ளும். ஒவ்வொரு மேடையிலும் கையுறையைக் கழற்றி, விரலைத் துடைத்து, எண்ணைத் தட்டி, மறுபடி கையுறை போட வேண்டும். அதைச் செய்ய மறுப்பவரைச் சோம்பேறி என்பதா, கணக்குத் தெரிந்தவர் என்பதா?

ஜிபிஎஸ் கதை இன்னும் சுவையானது. ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் துணைக்கோள்களிலிருந்து வரும் வானலை, கைப்பேசியை அடைய எவ்வளவு நேரம் எடுத்தது என்பதை வைத்தே இடம் கணிக்கப்படுகிறது. குறைந்தது 4 துணைக்கோள்கள் தேவை. நேரக் கணக்கில் ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால் 300 மீட்டர் தவறிவிடும். திறந்த வானத்தின் கீழ் நல்ல கைப்பேசி ஏறத்தாழ 5 மீட்டருக்குள் இடத்தைச் சொல்லிவிடும். செம்பனைக்கு அடியில் வானம் எங்கே திறந்திருக்கிறது? வளர்ந்த மரங்களின் மட்டைகள் மேலே பின்னிக் கிடக்கின்றன. ஈர இலை வானலையை உறிஞ்சுகிறது, தண்டுகளில் பட்டுத் திரும்பும் அலை சுற்றுவழியில் வந்து கணக்கைக் குழப்புகிறது.

செம்பனையை ஏறத்தாழ 9 மீட்டர் இடைவெளியில் முக்கோண அமைப்பில் நடுகிறார்கள். பத்து மீட்டர் தவறினால் நீங்கள் அடுத்த நிரையில் நிற்பதாக வரைபடம் காட்டும். அடுத்த நிரை நடைபாதையாக இருக்கலாம், வெட்டிய மட்டைகளை அடுக்கிய இடமாகவும் இருக்கலாம், நடுவில் ஆழமான வாய்க்காலும் ஓடலாம். திரையில் இரண்டு விரல்கடை தூரம், காலில் நடந்தால் பாலம்வரை போய்த் திரும்பும் தூரம். மழைக்குப் பிறகு எந்தச் சரிவில் டிராக்டர் சறுக்கும் என்பது எந்தத் துணைக்கோளுக்கும் தெரியாது. இருபது ஆண்டுகளாக ஓட்டுபவருக்குத் தெரியும்.

வானலை வில்லைக்கும் இதே கதைதான். பேட்டரியே இல்லாமல், வாசிப்பானின் அலையிலிருந்தே ஆற்றலைப் பெற்றுப் பதில் சொல்லும் அழகான கருவி அது. சாதாரண வில்லையை இரும்புத் தொட்டியில் நேரடியாக ஒட்டினால் உலோகம் அதை ஊமையாக்கிவிடும். இடையில் காப்புப் பட்டை வைத்த தனி வகை வேண்டும். இதைத் தெரியாமல் ஒட்டிவிட்டு, "ஸ்கேன் பண்ணத் தெரியவில்லை" என்று தொழிலாளியைத் திட்டினால் யார் படிக்காதவர்?

கியூஆர் குறியீடு பிறந்த கதையை நான் வகுப்பில் அடிக்கடி சொல்வேன். ஜப்பானில் கார் பாகங்கள் செய்யும் தொழிற்சாலைகளில் ஒவ்வொரு பெட்டியிலும் பல பட்டைக் குறியீடுகளை ஒவ்வொன்றாக வாசிக்க வேண்டியிருந்தது. நாள் முழுதும் அதையே செய்த தொழிலாளர்கள் சலித்துப்போய்க் குறை சொன்னார்கள். டென்சோ நிறுவனத்தில் மசாஹிரோ ஹாரா தலைமையிலான சிறு குழு அந்தக் குறையைக் கேட்டு, 1994-இல் இந்தச் சதுரக் குறியீட்டை உருவாக்கியது. எந்தக் கோணத்தில் பிடித்தாலும் வாசிக்க மூன்று மூலைகளில் கட்டங்கள் வைத்தார்கள். எண்ணெயும் அழுக்கும் படியும் இடம் என்பதால், 30 விழுக்காடுவரை சேதமடைந்தாலும் தகவலை மீட்டெடுக்கும் கணிதத்தை உள்ளே புதைத்தார்கள். இன்று உணவுக்கடையில் நீங்கள் பணம் கட்டுவது, பெட்டி தூக்கியவர்கள் சொன்ன குறையைக் காதுகொடுத்துக் கேட்டதன் பலன்.

இன்னொரு சான்று. ஒரு வண்டி 10 இடங்களுக்குப் போக வேண்டுமானால் எத்தனை வரிசைகளில் போகலாம்? 36 லட்சத்து 28 ஆயிரத்து 800. பதினைந்து இடங்கள் என்றால் 1 லட்சத்து 30 ஆயிரம் கோடிக்கும் மேல். இவற்றில் மிகக் குறுகிய வழியைக் கணினி கண்டுபிடித்துத் தந்தாலும் ஓட்டுநர்கள் பல நேரம் வேறு வழியில்தான் போகிறார்கள். 2021-இல் அமேசானும் எம்ஐடியும் சேர்ந்து ஒரு போட்டி நடத்தின. அமெரிக்காவின் ஐந்து நகர்ப்பகுதிகளில் ஓட்டுநர்கள் உண்மையில் போன ஆயிரக்கணக்கான வழித்தடங்களைக் கொடுத்து, அவர்கள் அறிந்திருப்பதைக் கணினிக்குக் கற்றுத் தரச் சொன்னார்கள். முதல் பரிசை வென்ற வில்லியம் குக், ஸ்டெஃபான் ஹெல்ட், கெல்ட் ஹெல்ஸ்கவுன் மூவரும் குறுகிய வழி காணும் கணிதத்தில் உலகறிந்த நிபுணர்கள். அவர்களே ஓட்டுநர்களின் வழக்கத்தைப் பார்த்து, ஒரு வட்டாரத்தை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போவது போன்ற விதிகளைத் தங்கள் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள். ஆசிரியர் யார், மாணவர் யார் என்று யோசியுங்கள்.

இனி எனக்கு மிகவும் முக்கியமாகப் படும் விஷயம், சம்பளம். வெட்டுக்கும் ஏற்றத்துக்கும் கூலி பெரும்பாலும் குலைக் கணக்கிலோ டன் கணக்கிலோதான். பழைய முறையில் சீட்டின் ஒரு பிரதி தொழிலாளியின் சட்டைப்பையில் இருக்கும். மாதக் கடைசியில் கணக்கு இடித்தால் அதை எடுத்து நீட்டலாம். எண்ணிக்கை நேராகச் செயலிக்குப் போய்விட்டால் அவர் கையில் என்ன மிஞ்சும்? எண்ணுபவர் 96 என்பதை 69 என்று தட்டிவிட்டால் அவருக்கு எப்படித் தெரியும்? புதிய கருவியைக் கண்டு ஒருவர் தயங்கும்போது, பொத்தானைப் பார்த்துப் பயப்படுகிறார் என்று நாம் நினைக்கிறோம். பல நேரம் அவர் பயப்படுவது சட்டைப்பை காலியாவதைப் பார்த்து. ஒவ்வொரு பதிவுக்கும் அச்சிட்ட சீட்டோ, அவரவர் கைப்பேசிக்கு ஒரு குறுஞ்செய்தியோ கிடைக்க வேண்டும். அலைவரிசை இல்லாத பள்ளத்தில் பதிவானது அழியாமல் கைப்பேசியிலேயே சேமிக்கப்பட்டு, சிக்னல் கிடைத்ததும் அனுப்பப்பட வேண்டும். இவை இல்லாத செயலியை ஏற்க மறுப்பது நியாயம் என்றே நான் சொல்வேன்.

மொழியும் இருக்கிறது. இன்று நம் தோட்டங்களில் இந்தோனேசியர், வங்காளதேசத்தவர், நேப்பாளியர், தமிழர் எல்லாரும் ஒரே மேடையில் நிற்கிறார்கள். ஆங்கிலத்தில் மட்டும் எழுதிய பொத்தான் அங்கே யாருக்காக?

நீங்கள் என்ன செய்யலாம்? வீட்டில் லோரி ஓட்டுபவரோ, பொட்டலம் கொண்டுபோகும் அண்ணனோ புதிய செயலியோடு போராடினால், கைப்பேசியைப் பிடுங்கி நீங்களே தட்டிக் கொடுக்காதீர்கள். அது இரண்டு நிமிட உதவி, மறுநாள் காட்டில் நீங்கள் பக்கத்தில் இருக்க மாட்டீர்கள். அவரையே செய்யச் சொல்லிப் பக்கத்தில் உட்காருங்கள். எங்கே விரல் நிற்கிறது, எந்தச் சொல்லில் புருவம் சுருங்குகிறது, எந்தத் திரைக்கு வந்ததும் பின்னால் போகிறார் என்று ஒரு தாளில் குறியுங்கள். பிறகு அதே செயலியை நீங்கள் தோட்ட வேலைக் கையுறையோடு, உச்சி வெயிலில், திரையில் நாலு சொட்டுத் தண்ணீர் தெளித்துப் பயன்படுத்திப் பாருங்கள். எத்தனை முறை தவறுகிறது என்று எண்ணி, காய்ந்த வெறுங்கையோடு ஒப்பிடுங்கள். இரண்டையும் இருபது இருபது முறை செய்தால் அட்டவணை போடும் அளவுக்குத் தரவு கிடைக்கும், அறிவியல் விழாவுக்குக் கொண்டுபோகவும் போதும். பெரும்பாலான செயலிகளில் கருத்து அனுப்பும் இடம் ஒன்று இருக்கும். அந்த அட்டவணையைப் படம் எடுத்து, அப்பாவிடம் காட்டி அவர் சொல்வதையும் கீழே எழுதி, அங்கே அனுப்புங்கள்.