ஆயுள் முழுக்க நோய், ஒரே தடவை பணமா?

அரிய நோய் உள்ள ஒருவருக்கு மத்திய அரசின் உதவி 50 லட்சம் ரூபாய் வரை. அதற்கு மேல் கிடையாது. 2022 மே மாதம் எடுத்த இந்த முடிவிலிருந்து டெல்லியில் இருப்பவர்கள் நகர மறுக்கிறார்கள். நீதிமன்றப் படியேறியவர்களுக்கும் இதே பதில்தான். தண்டுவடத் தசைநார்ச் சிதைவுக் குழந்தைகளின் வழக்குகளால் இந்த உச்சவரம்பு ஊரறிந்த விஷயமாகிவிட்டது. ஆனால் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோயோடு பிறந்து, மூச்சுக்குத் திணறும் குழந்தைகளையும் இதே முடிவு கைவிட்டிருக்கிறது. அவர்களுக்காகப் பேசுவோர்தான் குறைவு.

இந்த நோயில் சளி பசைபோல் இறுகி மூச்சுக்குழாய்களை அடைக்கும். குழந்தை நன்றாகச் சாப்பிடும், எடை மட்டும் ஏறாது. மலம் எண்ணெய்ப் பிசுக்காகப் போகும். முத்தமிட்டால் உப்புக் கரிக்கிறது என்று தாயே சொல்லுவாள். அந்தச் சொல்லைக் காதில் வாங்கும் மருத்துவர் கிடைப்பது அதிர்ஷ்டம். பல குழந்தைகளுக்கு முதலில் வீசிங் என்று நெபுலைசர் வைக்கப்படும். பிறகு பிரைமரி காம்ப்ளெக்ஸ் என்று மாதக்கணக்கில் காசநோய் மருந்து. இத்தனைக்கும் கண்டுபிடிக்கும் வழி எளிது. முன்கையில் மருந்து வைத்து, மெல்லிய மின்சாரம் செலுத்தி, அரைமணி நேரம் வியர்வையைச் சேகரிக்க வேண்டும். குளோரைடு அளவு லிட்டருக்கு 60 மில்லிமோலைத் தொட்டால் இந்த நோய்தான் என்று ஏறக்குறைய உறுதி. இந்தச் சோதனை பெருநகர மருத்துவமனைகள் சிலவற்றைத் தாண்டி வரவில்லை. இந்த நோய்க்காகப் பச்சிளங்குழந்தைகளைப் பரிசோதிக்கும் தேசியத் திட்டமும் இல்லை. எத்தனை குழந்தைகளுக்கு இந்த நோய் என்ற கணக்கே இல்லாத நாட்டில், தலைக்கு இவ்வளவுதான் என்று மட்டும் எதை வைத்து முடிவு செய்தார்கள்?

நோய் இன்னதென்று தெரிந்த வீட்டில் காலையும் மாலையும் முதுகைத் தட்டிச் சளியை இளக்க வேண்டும். உப்புநீர் ஆவி, சாப்பாட்டுக்குச் சாப்பாடு செரிமான நொதி மாத்திரை, அடிக்கடி ஆன்டிபயாட்டிக். இவை நோயைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். பழுதான புரதத்தையே சரிசெய்யும் ட்ரைகாஃப்டா என்ற மருந்துக்கு அமெரிக்கா 2019 அக்டோபரில் அனுமதி தந்தது. எல்லா மரபணுப் பிழைக்கும் அது பலிக்காது. பலிக்கும் குழந்தைகளுக்கு அது மறுவாழ்வு. அமெரிக்காவில் அதன் விலை ஆண்டுக்கு 3 லட்சம் டாலருக்கு மேல். நம் 50 லட்சம் மூன்று மாதம்கூடத் தாங்காது. நான்காம் மாதம் அந்தக் குழந்தை என்ன செய்யும்? ஆயுள் முழுக்க விழுங்க வேண்டிய மாத்திரைக்கு ஒரே தடவை பணம் என்று கோப்பில் எழுதியவர்கள் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

இன்னொரு கணக்கும் உண்டு. இதே மருந்தை ஆண்டுக்கு 6,000 டாலருக்கும் குறைவான செலவில் தயாரிக்க முடியும் என்று ஆய்வாளர்கள் 2022இல் கணக்கிட்டார்கள். அந்த விலைக்குக் கிடைத்தால் இதே 50 லட்சம் ஒரு குழந்தைக்கு ஏறத்தாழ பத்து ஆண்டுகளுக்கு வரும். குறுக்கே நிற்பது காப்புரிமை. பொதுநலனுக்காகக் கட்டாய உரிமம் வழங்க வழிசெய்யும் 92ஆம் பிரிவு நம் காப்புரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. 2012இல் புற்றுநோய் மருந்து ஒன்றுக்கு நாட்கோ நிறுவனம் கட்டாய உரிமம் பெற்றபோது, மாதம் 2.8 லட்சம் ரூபாயாக இருந்த விலை 8,800க்கு இறங்கியது. அதற்குப் பிறகு இன்னொரு மருந்துக்கு அந்தத் துணிச்சல் வரவில்லை. 2023இல் பெற்றோர் தரப்பு காப்புரிமைத் தடையை நீக்கும்படி அரசிடம் கேட்டும் அசைவில்லை. மாறாக, அதே ஆண்டு அரிய நோய் மருந்துகளைச் சொந்த உபயோகத்துக்கு இறக்குமதி செய்தால் சுங்க வரி இல்லை என்றார்கள். வாங்கவே வழியில்லாதவருக்கு வரிவிலக்கால் என்ன பயன்?

இவர்களின் பழைய கதையும் இதுதான். 2017இல் அரிய நோய்க் கொள்கை வந்தது, 100 கோடி நிதி என்றார்கள். 2018 டிசம்பரில் அதையே கிடப்பில் போட்டார்கள். 2020 வரைவில் ஒருமுறைச் சிகிச்சையில் தீரும் நோய்களுக்கு மட்டும் 15 லட்சம். 2021 கொள்கையில் அது 20 லட்சமானது. மற்ற குழந்தைகளுக்கு நன்கொடை திரட்ட ஓர் இணையதளத்தைத் திறந்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார்கள். குடிமக்களிடம் வரி வாங்கும் அரசு, குழந்தையின் உயிருக்காக அவர்களிடமே கையேந்தச் சொன்னது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸின் இந்தப் புதிய வகை மருந்துகளை, நீண்டகாலச் சான்று போதாதவை என்று கடைசி வரிசையில் வைத்ததும் அந்தக் கொள்கைதான். 2024 அக்டோபரில் டெல்லி உயர் நீதிமன்றம் தனி நிதியம் அமைத்து 974 கோடி ரூபாய் ஒதுக்கச் சொன்னது. அதன் பிறகும் உச்சவரம்பை விட்டுக்கொடுக்க இவர்களுக்கு மனம் வரவில்லை.

வியர்வைச் சோதனை மாவட்டங்களுக்கு வர வேண்டும். மருந்து விலை இறங்க வேண்டும். உதவி, நோய் இருக்கும்வரை தொடர வேண்டும். எப்படி என்பதை அதிகாரமும் சட்டமும் கையில் வைத்திருப்பவர்கள்தான் சொல்ல வேண்டும். 50 லட்சம் என்ற உச்சவரம்பு அநீதியானது. அதை உடனே திரும்பப் பெற வேண்டும்.