பிறருக்காக எழுதும் நிரலும் ஓர் அமானிதமே



நம் தருமபுரி மாவட்டத்துப் பிள்ளைகள் பலர் பன்னிரண்டாம் வகுப்பிலேயே பைத்தான் மொழியில் நிரல் எழுதக் கற்கின்றனர். அவர்களுடைய கணினி அறிவியல் பாடநூலின் முதல் பாடமே செயற்கூறு பற்றியது. ஒரு வேலைக்கான கட்டளைகளை ஒருமுறை எழுதிப் பெயரிட்டு, வேண்டும்போதெல்லாம் அப்பெயரால் அழைப்பதே செயற்கூறு. அத்தகையவற்றைத் தொகுத்துப் பிறரும் எடுத்தாளும்படி வைத்தால், அது லைப்ரரி ஆகிறது. தேர்வோடு மறந்துவிடும் பாடமாக இது முடிந்துவிடக் கூடாது என்பதே என் கருத்து.

முதலில், பிறர் ஆக்கியதை முறையாகப் பயன்படுத்தக் கற்க வேண்டும். 'தமிழ்' என்னும் சொல்லின் நீளம் என்ன என்று பைத்தானிடம் கேட்டால், ஐந்து என்கிறது. 'மி', 'ழ்' ஆகியவை ஒருங்குறியில் இரண்டிரண்டு குறியீடுகளாக அமைந்திருப்பதே காரணம். மூன்று என்னும் சரியான விடையைப் பெற ஒவ்வொரு மாணவரும் புதிதாக உழைக்க வேண்டியதில்லை. 'எழில்' என்னும் தமிழ் நிரல்மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலையும் அவருடன் இணைந்த தன்னார்வலர்களும் 'ஓப்பன் தமிழ்' என்னும் லைப்ரரியை இலவசமாக வழங்கியுள்ளனர். அதிலுள்ள ஒரு செயற்கூறு அச்சொல்லை த, மி, ழ் எனப் பிரித்துத் தந்துவிடும்.

அதன் எம்ஐடி உரிமம் எவரும் பயன்படுத்தலாம், மாற்றலாம் என்கிறது. ஆனால் அந்நிரலைப் பிறருக்குக் கொடுக்கும்போது, ஆக்கியோரின் உரிமைக் குறிப்பை நீக்கக் கூடாது. யாரிடமிருந்து பெற்றோம் என்பதை மறைக்காமல் சொல்வது ஹதீஸ் கலையின் அறிவிப்பாளர் வரிசையால் நமக்குப் பழகிய ஒழுக்கம். பெயரை அழித்துவிட்டுத் தன் ஆக்கம் என்று காட்டுவது, கணினியில் செய்தாலும் மோசடியே.

அடுத்தது, நாமே ஆக்குதல். தொடக்க நிலை மாணவர்களுக்கு நான் பரிந்துரைக்கும் பணி, இஸ்லாமிய வாரிசுரிமைப் பங்கீட்டுக்கான ஒரு சிறு லைப்ரரி. இது நமக்குப் புதிய துறையன்று. 'அல்காரிதம்' என்னும் சொல்லுக்கே தம் பெயரைத் தந்த பக்தாது அறிஞர் அல்-குவாரிஸ்மி, 9ஆம் நூற்றாண்டில் எழுதிய அல்ஜீப்ரா நூலில் பெரும் பகுதியை மரண சாசனக் கணக்குகளுக்கும் வாரிசுரிமைக் கணக்குகளுக்கும் ஒதுக்கினார்.

எல்லாவற்றையும் ஒரே நீண்ட நிரலாக எழுதக் கூடாது. அடக்கச் செலவையும் கடனையும் கழிக்க ஒன்று. வஸிய்யத்து மூன்றில் ஒரு பங்கை மீறாமல் பார்க்க ஒன்று. பங்குகளைக் காண ஒன்று. கூட்டிச் சரிபார்க்க ஒன்று எனத் தனித்தனிச் செயற்கூறுகளாகப் பிரிக்க வேண்டும். அப்போதுதான் பிழை எங்குள்ளது என்று எளிதில் தெரியும். பின்னக் கணக்குக்கெனப் பைத்தானிலேயே 'ஃப்ராக்ஷன்ஸ்' என்னும் தொகுதி உள்ளது. தசமத்தில் மூன்றில் ஒரு பங்கு முடிவின்றி நீளும். இத்தொகுதியிலோ அது மூன்றில் ஒன்றாகவே நிற்கும்.

ஆக்கியதைச் சோதிக்காமல் பிறரிடம் கொடுக்கக் கூடாது. ஒரு பெண் இறக்கிறார்; கணவரும் உடன்பிறந்த சகோதரிகள் இருவரும் மட்டுமே வாரிசுகள். கடன்போக எஞ்சிய சொத்து 42 லட்சம் ரூபாய். கணவருக்குப் பாதி, சகோதரிகளுக்கு மூன்றில் இரண்டு பங்கு. அப்படியே பெருக்கினால் 21 லட்சமும் 28 லட்சமும் சேர்ந்து 49 லட்சம் ஆகிவிடும்! பங்குகளின் கூட்டுத்தொகை ஆறில் ஏழு. உமர் (ரலி) அவர்களின் ஆட்சிக் காலத்தில் தீர்வு காணப்பட்ட 'அவ்ல்' முறைப்படி, சொத்தை ஏழாகப் பிரித்துக் கணவருக்கு மூன்றும் சகோதரிகளுக்கு நான்கும் தர வேண்டும். அதாவது கணவருக்கு 18 லட்சம். சகோதரிகளுக்குத் தலா 12 லட்சம். நான்கு மத்ஹபுகளும் ஏற்ற தீர்வு இது. இக்கணக்கில் தவறும் லைப்ரரி, மற்ற நூறு கணக்குகளைச் சரியாகப் போட்டாலும் நம்பத்தக்கதன்று.

தனக்கென எழுதிய நிரலில் பிழை இருந்தால் பாதிப்பு எழுதியவரோடு நிற்கும். பலரும் எடுத்தாளும் லைப்ரரியில் பிழை இருந்தாலோ, அது செல்லும் வீடுதோறும் ஒரு சகோதரியின் உரிமை பறிபோகலாம். எனவே எந்த மத்ஹபின்படி எழுதப்பட்டது, எவற்றைக் கணக்கிடாது என்பதை எளிய தமிழில் எழுதி இணைக்க வேண்டும். வாரிசுரிமைச் சட்டம் கற்ற ஆலிம்கள் பார்வையிட வேண்டும். அதன் பின்னரும் அது கணக்குக்கு உதவும் கருவியே. மார்க்கத் தீர்ப்பு அன்று.

கல்லூரி மாணவருக்கு நிரல் தெரியும். மதரஸா மாணவருக்குப் பங்கீட்டுச் சட்டம் தெரியும். விடுமுறையில் இருவரையும் ஒரு மேசையில் அமர வைக்கும் பொறுப்பு பெற்றோருக்கும் ஜமாஅத்தாருக்கும் உரியது. மரணத்திற்குப் பின்னும் நன்மை தொடரும் மூன்றில் பயனளிக்கும் கல்வியும் ஒன்று என்பது நபி (ஸல்) அவர்களின் போதனை. எழுதியவர் இல்லாத காலத்திலும் பிறருக்குச் சரியான விடையைத் தரும் நிரல் அத்தகைய கல்வியாக அமையட்டும்.

அல்லாஹ் நம் பிள்ளைகளின் கல்வியில் பரக்கத் செய்வானாக! ஆமீன்.