கதவுக்கும் கதவுக்கும் இடையில்

காணொளி விளையாட்டில் வரும் கதவு, உண்மையில் கதவு அன்று. அதற்குக் கீல் இல்லை, நிலை இல்லை, பின்னால் காத்திருக்கும் அறையும் இல்லை. அது ஒரு விதி மட்டுமே: இப்பாத்திரம் இந்த இடத்தில் வந்து நின்றால், அதனை அந்த இடத்தில் கொண்டுபோய் வை. மொழியியல் பயின்றோர்க்கு இது பழகிய வடிவம். ஒரு சூழல், ஒரு நிபந்தனை, ஒரு மாற்றம். கதவின் சித்திரம் அவ்விதியின் மேல் ஒட்டப்பட்ட உருவமே.

இந்தியாவில் ஒரு தலைமுறையினர் இவ்விதியைக் கற்றது பள்ளிக் கணினி ஆய்வகத்தில், ‘டேஞ்சரஸ் டேவ்’ விளையாட்டின் வழியாக. ஜான் ரொமேரோ அதனை 1988இல் ஆப்பிள் 2 கணினிக்காக எழுதினார். 1990இல் அது டாஸ் கணினிகளுக்கு வந்தது. மொத்தம் பத்து நிலைகள். ஒவ்வொன்றிலும் ஒரு கோப்பை. அதை எடுத்தால் மட்டுமே கதவு திறக்கும். ஆனால் கதவைத் தொட்டவுடன் அடுத்த நிலை தோன்றிவிடுவதில்லை. டேவ் ஒரு குறுகிய நடைவழியில் தானாக நடந்து செல்கிறான். இன்னும் எத்தனை நிலைகள் எஞ்சியுள்ளன என்று திரை அறிவிக்கிறது. அங்கே பகைவர் இல்லை, மணிகள் இல்லை, செய்வதற்கு எதுவும் இல்லை. விளையாட்டின் இயக்கத்திற்கு அந்த நடைவழி தேவையே இல்லை. ஆயினும் ரொமேரோ அதனை வைத்தார். ஓர் இடத்திலிருந்து மற்றோர் இடத்திற்குச் செல்வது ஒரு செயல், அதற்கு நேரமும் இடமும் உண்டு என்பதை அந்தச் சில நொடிகள் ஒப்புக்கொள்கின்றன.

கதவைப் பற்றி ஆராய்வோர் கதவைக் காட்டிலும் அந்த நடைவழியையே கூர்ந்து நோக்க வேண்டும். விளையாட்டாய்வுக்கு மட்டும் பொருந்தும் கூற்று அன்று இது.

தாவல்வகை விளையாட்டுகளில் கதவு தோன்றியதற்கு முதற்காரணம் கலை அன்று, பற்றாக்குறை. நிண்டெண்டோவின் எட்டு பிட் கருவியில் திரைக்காட்சிக்கென இருந்த நினைவகம் 2 கிலோபைட். இரண்டு திரைகளின் அமைப்பை மட்டுமே அதில் ஒரே நேரத்தில் வைக்க முடியும். 1986இல் வெளியான ‘மெட்ராய்டு’ விளையாட்டில் ஒரு பகுதி கிடையாக நகரும். அடுத்தது செங்குத்தாக நகரும். நகர்வின் திசை மாறும் தையலை மறைப்பதே அங்கே கதவின் வேலை. எனினும் அத்தையலை அது நேர்மையுடன் மறைத்தது. பாத்திரம் கதவிடுக்கில் நிற்க, பழைய அறை ஒருபுறம் விலகிப் புதிய அறை மறுபுறம் வருவதை ஆடுபவர் காண்கிறார். வந்த வழியே திரும்பவும் முடிகிறது.

அதற்கு ஓராண்டு முன் வந்த ‘சூப்பர் மேரியோ பிரதர்ஸ்’ வேறு வழியைத் தேர்ந்தது. முதல் உலகின் இரண்டாம் நிலையில், கூரைக்கு மேலே ஒளிந்திருக்கும் அறையில் மூன்று குழாய்கள் உள்ளன. இறங்கினால் இரண்டாம், மூன்றாம் அல்லது நான்காம் உலகம். இடைப்பட்ட உலகங்களை ஆடுபவர் காண்பதே இல்லை. முந்தைய உலகத்திற்குத் திரும்பவும் வழியில்லை. இது பரிசாகவே தரப்படுகிறது, ஆடுபவரும் பரிசாகவே பெறுகிறார். 1990இல் வந்த ‘சூப்பர் மேரியோ வேர்ல்டு’ விளையாட்டின் பேய்வீடுகளிலோ கதவு ஏமாற்றுகிறது. தவறான கதவில் நுழைந்தவர் தொடங்கிய இடத்திற்கே வந்து சேர்கிறார்.

இவற்றை ஒப்பிட்டால், எந்தக் கதவையும் நான்கு கேள்விகளால் விவரிக்கலாம் என்பது புலப்படும். ஒன்று, அது இருவழியா, ஒருவழியா? இரண்டு, அதனைத் திறக்கும் நிபந்தனை எது? மூன்று, இடைவழி காட்டப்படுகிறதா, வெட்டப்படுகிறதா? நான்கு, கடப்பவர் தம்முடன் எதனைக் கொண்டுசெல்லலாம், எதனை விட்டுவிட வேண்டும்? முதலிரண்டு கேள்விகளை எல்லோரும் கேட்கின்றனர். பின்னிரண்டையும் கேட்போர் மிகக் குறைவு.

இங்கே தமிழ்ச் சொற்கள் துணை நிற்கும். விளையாட்டுகளைப் பற்றித் தமிழில் எழுதும்போது இவை அனைத்தையும் ‘கதவு’ என்றோ ‘போர்ட்டல்’ என்றோ எழுதிவிடுவது எளிது. ஆனால் கதவு என்பது மூடும் பலகை. வாயில் என்பது திறப்பு. ‘இல்வாய்’ என்பதே முன்பின் மாறி ‘வாயில்’ ஆனது என்பதும், ‘இல்முன்’ என்பதே ‘முன்றில்’ ஆனது என்பதும் இலக்கணப் போலிக்குப் பள்ளியிலேயே தரப்படும் எடுத்துக்காட்டுகள். இவ்விரண்டையும் அருகருகே வைத்துக் காண வேண்டும். திறப்புக்கு ஒரு பெயர் இருப்பதுபோல், திறப்புக்கு முன்னுள்ள வெளிக்கும் தமிழில் பெயர் உண்டு. திண்ணை, நடை, ரேழி என அந்த வரிசை நீளும். உள்ளும் அல்லாத, புறமும் அல்லாத இடங்களுக்கு இத்தனை பெயர்கள் இருப்பது, அவ்விடங்களில் வாழ்க்கை நிகழ்ந்ததற்குச் சான்று.

அகப்பொருள் மரபு இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. தலைவனுக்கும் தலைவிக்கும் இடையே சென்று வரும் தோழி, பாணன், விறலி முதலிய பன்னிருவரைத் தொல்காப்பியத்தின் கற்பியல் வாயில்கள் என்றே தொகுக்கிறது. அங்கே வாயில் ஓர் ஆள். தலைவி உடன்படாதபோது நிகழ்வது வாயில் மறுத்தல். கடத்தல் என்பது பொறியியக்கம் அன்று. இடையில் நிற்கும் மனிதரின் பேச்சால் நிகழ்வது என்னும் புரிதல் இக்கலைச்சொல்லிலேயே அடங்கியுள்ளது. நிபந்தனையை நிறைவேற்றினால் திறக்கும், இல்லையேல் திறக்காது என்னும் விளையாட்டுக் கதவுக்கு நேர் எதிரான கருத்தாக்கம் இது.

இனி மும்பைக்கு வரலாம்.

தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய மூன்றையும் மும்பைத் தமிழரின் மூன்று நிலைகளாகச் சொல்லும் வழக்கம் உண்டு. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்காக வந்தவர்களின் தாராவி. அலுவலகப் பணிக்கு வந்தவர்களின், உணவகங்களும் சபாக்களும் நிறைந்த மாட்டுங்கா. பின்னாளில் அடுக்ககங்களுக்கு நகர்ந்தவர்களின், செடா நகர் முருகன் கோயிலைச் சுற்றிய செம்பூர். இவ்வாறு அடுக்கும்போது ஒன்றிலிருந்து மற்றொன்றிற்குச் செல்வது தகுதிபெற்றுக் கதவைத் திறப்பது போலத் தோன்றிவிடுகிறது. உண்மை நிலவியல் அப்படி இல்லை. தாராவி மேற்கு, மத்திய ரயில் பாதைகளுக்கு இடைப்பட்ட முக்கோணம். மாட்டுங்கா அதன் தென்புறத்து அண்டைப் பகுதி. தாராவியின் ஒரு பகுதிக்கே மாட்டுங்கா லேபர் கேம்ப் என்று பெயர். பெயரளவில் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்திருக்கும் இவ்விடங்களைத் தனித்தனி நிலைகளாகக் காட்டுவது வரைபடம் அன்று, வகுப்பும் சாதியும் வகுத்த பார்வை.

இவற்றுக்கிடையே அன்றாடம் கடப்போர் உள்ளனர். தாராவியின் தமிழ்க் குடும்பங்கள் விடியுமுன் இட்டலி அவித்துப் பாத்திரங்களில் அடுக்க, அவற்றைத் தலைச்சுமையாகவும் மிதிவண்டியிலும் கொண்டுசென்று விற்போர் நகரின் பல பகுதிகளுக்குப் பரவுகின்றனர். அவர்களுடைய தொழில் தாராவியிலும் இல்லை, விற்கும் தெருவிலும் இல்லை. இரண்டிற்கும் இடைப்பட்ட வழியில் இருக்கிறது. எந்தத் தெருவில் எந்நேரம் நிற்கலாம், எவர் வாடிக்கையாளர், எவர் கடன் சொல்வார் என்னும் அறிவு முழுவதும் அந்நடைவழியில் சேர்ந்தது.

தாராவி மறுவளர்ச்சித் திட்டத்தின் ஏலத்தை 2022 நவம்பரில் 5,069 கோடி ரூபாய்க்கு அதானி குழுமம் வென்றது. மகாராஷ்டிர அரசும் அக்குழுமமும் பங்குதாரர்களாக உள்ள நிறுவனம் அதனைச் செயற்படுத்துகிறது. அதன் தகுதி விதிகளை மேற்சொன்ன நான்கு கேள்விகளோடு வாசித்துப் பார்க்கலாம். 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பதை மெய்ப்பிப்போருக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு, விலையின்றி. அத்தேதிக்குப் பின் 2011 ஜனவரி 1க்குள் வந்த தரைத்தளத்தாருக்குத் தாராவிக்கு வெளியே 300 சதுர அடி வீடு, இரண்டரை லட்சம் ரூபாய்க்கு. அதற்குப் பின் வந்தோருக்கும் மேல்தளத்தில் வாழ்வோருக்கும் வெளியே வாடகைக் குடியிருப்பு, பின்னர் தவணையில் உரிமை பெறும் வாய்ப்பு.

நிபந்தனை தெளிவாக உள்ளது: ஒரு தேதி, ஒரு தளம். தாராவியின் சந்துகளில் மேலறைக்குச் செல்லும் வழி பெரும்பாலும் வீட்டின் வெளியே சாய்ந்திருக்கும் ஒரு செங்குத்தான இரும்பு ஏணி. நாள்தோறும் ஏறி இறங்கும் அந்தச் சில படிகளே இப்போது நகருக்குள் இருப்பதையும் நகர விளிம்புக்குச் செல்வதையும் பிரிக்கும் கோடு. கீழறைக்காரரும் மேலறைக்காரரும் ஒரே ஆண்டில், ஒரே ஊரிலிருந்து வந்தவர்களாகவும் இருக்கலாம். விதிக்கு அது பொருட்டன்று. விதி, பேசுவதற்கு ஆளில்லாத வாயில்.

திசையும் தெளிவே. வெளியே செல்வோர் திரும்பி வரும் ஏற்பாடு எதுவும் இவ்விதிகளில் இல்லை. மூன்றாம், நான்காம் கேள்விகளுக்கே விடை இல்லை. வெளியே என்பதற்குப் பேசப்படும் இடங்களுள் முலுண்டு முதலான பகுதிகளின் உப்பளங்களும், செம்பூரை அடுத்த தேவனாரின் குப்பைமேட்டு நிலமும் உண்டு. தேவனாருக்குத் தாராவி அனுப்புவது புதிதன்று. பாந்திராவின் அறுப்புக்கூடம் 1971இல் தேவனாருக்கு மாறியது. அதனை நம்பியிருந்த தோல் பதனிடும் தொழில் அதன்பின் தாராவியில் படிப்படியாகத் தேய்ந்தது. ஓர் இடத்தின் தொழிலுக்கு உயிர் தந்தது வழியே, வழி அறுந்தால் தொழிலும் அறும் என்பதைத் தாராவி ஒருமுறை கண்டிருக்கிறது.

இதற்கு இரண்டு மறுப்புகள் எழக்கூடும். வீட்டுக்குள் கழிப்பறையும், மழையில் ஒழுகாத கூரையும், சட்டப்படியான உரிமையும் தாராவி மக்கள் நெடுங்காலமாக வேண்டுபவை. இடைவழியின் அழகைப் பேசி அவற்றைத் தள்ளிப்போடுவது வசதியானவர்களின் ஏக்கம் என்பது ஒன்று. இது நியாயமான மறுப்பு. மறுவளர்ச்சி வேண்டாம் என்பது இங்கே வாதம் அன்று. பொதுக் கழிப்பறை வாசலில் வரிசையில் நிற்பதும் ஓர் இடைவழியே; அது ஒழிவதில் இழப்பு ஏதுமில்லை. ஆனால் எந்த இடைவழி ஒழிய வேண்டும், எது தொடர வேண்டும் என்பதை அங்கு நடப்பவர்கள் சொல்ல வேண்டும். அட்டவணை சொல்லக்கூடாது.

மற்றொன்று, மக்களின் துன்பத்தை விளையாட்டோடு ஒப்பிடுவது அதனைச் சிறுமைப்படுத்தும் என்பது. வாழ்க்கை விளையாட்டைப் போன்றது என்பது இங்கே கூறப்படவில்லை. ஒப்பிடப்படுவது இரண்டு விதித்தொகுப்புகள். இரண்டும் மனிதரைப் புள்ளிகளாகவும், இடங்களைப் பெட்டிகளாகவும், நகர்வை அம்புக்குறிகளாகவும் எழுதுகின்றன. ஒன்றை வாசிக்கப் பழகிய கண் மற்றொன்றையும் வாசிக்கும். வேறுபாடு ஒன்றுண்டு: விளையாட்டு அவ்வாறு எழுதியதற்கு 2 கிலோபைட் நினைவகம் காரணமாயிருந்தது. திட்ட ஆவணத்திற்கு அத்தகைய பற்றாக்குறை எதுவும் இல்லை.

ஆகவே நகரவியல், மொழியியல், சமூகவியல் மாணவர்கள் மறுகுடியமர்வு ஆவணங்களை வாசிக்கும்போது சதுர அடியோடும் தேதியோடும் நிறுத்திக்கொள்ளக் கூடாது. எத்தனை தொழில்கள் வழியில் வாழ்கின்றன, வழி நீண்டால் அவற்றுள் எவை எஞ்சும், பள்ளி மாறும் குழந்தைக்குத் தமிழ்வழி வகுப்பு அங்கே கிடைக்குமா, கடன் சொல்லும் உறவும் கடன் தரும் உறவும் உடன் வருமா என்னும் கேள்விகளுக்கும் தகுதிப் பட்டியலில் ஒரு பத்தி வேண்டும். கணக்கெடுப்புப் படிவத்தில் ‘எங்கே வசிக்கிறீர்’ என்பதற்கு அடுத்து ‘எவ்வழியே செல்கிறீர்’ என்றும் கேட்கப்பட வேண்டும். முடிவெடுப்போருக்கும் குடியிருப்போருக்கும் இடையே பேசும் உரிமையுடைய வாயில்கள், பழைய பொருளில், இருக்க வேண்டும்.

டேவின் நடைவழி ஆடுபவருக்கு எஞ்சியதை எண்ணிச் சொன்னது. மத்திய ரயில் பாதையில் சயானுக்கும் முலுண்டுக்கும் இடையே குர்லா, வித்யாவிகார், காட்கோபர், விக்ரோலி, காஞ்சூர்மார்க், பாண்டுப், நாஹூர் என ஏழு நிலையங்கள் உள்ளன. திட்ட வரைபடத்தின் அம்புக்குறியில் அவற்றுள் ஒன்றும் இல்லை. முலுண்டிலிருந்து இட்டலிப் பாத்திரத்தோடு விடியலில் ரயில் ஏற வேண்டியவர் அந்த ஏழையும் எண்ணியே தீர்வார்.