பின்னிய ஸ்வெட்டர் பீரோவில் தூங்காமல் இருக்க...

மூன்று மாதம் உட்கார்ந்து பின்னிய ஸ்வெட்டர். பிறந்தநாளன்று போட்டுப் பார்த்தால் கை விரல் நுனிவரை தொங்குகிறது, வயிற்றருகே பிடிக்கிறது. “நல்லாயிருக்கு” என்று சொல்லிக் கழற்றி மடித்து வைப்பவர், அப்புறம் அதைத் தொடுவதே இல்லை. பின்னியவர் கேட்கத் தயங்குவார். வாங்கிக்கொண்டவர் சொல்லத் தயங்குவார். கம்பளி நூலுக்குக் கொடுத்த பணத்தைவிட இந்த மௌனம்தான் அதிகம் வலிக்கும்.

பெரும்பாலும் பின்னியவர் கையில் குறை இல்லை. பேட்டர்ன் என்பது ஒரு சராசரி உடம்பை வைத்து எழுதப்படுவது. மார்பு 38 இன்ச் என்றால் தோள் இவ்வளவு, கை நீளம் இவ்வளவு என்று அதுவே முடிவு செய்துவிடும். நம் வீட்டு அப்பாவும் மாமியாரும் அந்தச் சராசரிக்குள் அடங்குவதில்லை. ஊசியில் கண்ணி ஏற்றும் முன்பே கொஞ்சம் கணக்குப் போட்டால் போதும்.

அளவை எங்கே எடுப்பது?

பரிசு ரகசியமாக இருக்க வேண்டுமா? அவர் விரும்பிப் போடும் பழைய ஸ்வெட்டரை எடுத்துத் தரையில் விரியுங்கள். ஒரு அக்குளிலிருந்து மறு அக்குள்வரை அளந்து இரண்டால் பெருக்கினால் சுற்றளவு கிடைக்கும். கை நீளத்தைத் தோளில் தொடங்காமல், பின் கழுத்தின் நடுவிலிருந்து மணிக்கட்டு வரை அளப்பது நல்லது. தோள் தையல் எங்கே விழுந்தாலும் இந்த அளவு மாறாது.

நேரடியாக உடம்பை அளந்தால், பெரியவர்களுக்குச் சுற்றளவில் 2 முதல் 4 இன்ச் வரை கூட்டிக்கொள்ளுங்கள். உள்ளே சட்டை போடுவார்கள் அல்லவா? நோயிலிருந்து மீண்டவருக்குப் பின்னுவதாக இருந்தால் போன வருட அளவை நம்ப வேண்டாம். அளக்கும்போது “இளைச்சுட்டீங்களே”, “வயிறு போட்டுடுச்சே” என்ற பேச்சும் வேண்டாம். எண்ணை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

மாதிரித் துண்டு பொய் சொல்லாது

பின்னப் போகும் அதே நூல், அதே ஊசியில் 6 இன்ச் சதுரமாக ஒரு துண்டு பின்னுங்கள். ஸ்வெட்டரை எப்படித் துவைப்பார்களோ அப்படியே அதையும் துவைத்து, உலர்த்தி, நடுவில் 4 இன்ச்சுக்கு எத்தனை கண்ணி என்று எண்ணுங்கள். சில கம்பளி நூல்கள் நனைந்ததும் நீளும். பருத்தி நூல் தன் எடையாலேயே தொங்கும்.

ஓர் உதாரணம். பேட்டர்னில் 4 இன்ச்சுக்கு 20 கண்ணி, அதாவது இன்ச்சுக்கு 5. ஸ்வெட்டர் சுற்றளவு 36 இன்ச், எனவே 180 கண்ணி. உங்கள் துண்டிலோ 4 இன்ச்சுக்கு 22 வருகிறது, இன்ச்சுக்கு ஐந்தரை. அதே 180 கண்ணியைப் போட்டால் சுற்றளவு 33 இன்ச்கூட வராது. மூன்று இன்ச்சுக்கு மேல் காணாமல் போய்விடும்! உங்களுக்குத் தேவை 36 x 5.5 = 198. இரண்டு நிட், இரண்டு பர்ல் என்று பார்டர் போடுவதானால் நான்கால் வகுபட வேண்டும். 200 என்று வைத்துக்கொள்ளலாம்.

மற்ற அளவுகளுக்கு ஒரு சுலப வழி

இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த எலிசபெத் ஸிம்மர்மன், ‘நிட்டிங் வித்தவுட் டியர்ஸ்’ என்ற புத்தகத்தை 1971-ல் வெளியிட்டவர். அவர் பெயரால் வழங்கும் சதவிகிதக் கணக்கு இன்றும் கைகொடுக்கிறது. உடம்புச் சுற்றின் கண்ணிகளை 100 சதவிகிதம் என்று வைத்தால் மணிக்கட்டுக்கு 20, மேல்கைக்கு சுமார் 33, கழுத்துக்கு 40 சதவிகிதம். நம் 200 கண்ணிக்கு முறையே 40, 66, 80. இது தொடக்கப் புள்ளிதான். கை பருமனானவருக்கு மேல்கையில் சில கண்ணிகள் கூட்டுங்கள்.

தாத்தாவின் வயிறு, பாட்டியின் முதுகு

வயிற்றுக்கு ஏற்ற பெரிய சைஸைத் தேர்ந்தெடுத்தால் தோள் சரிந்து விழும். தோளுக்கும் மார்புக்கும் பொருந்தும் சைஸையே எடுத்து, கூடுதலை முன்பக்கம் மட்டும் சேர்ப்பதே சரி. வயிறு 4 இன்ச் அதிகம் என்றால், நம் கணக்கில் 22 கண்ணி. கீழிருந்து பின்னுபவர்கள் முதலிலேயே அதைச் சேர்த்து ஏற்றி, மார்பை நெருங்கும்போது பக்கத்துக்கு 11 ஆகக் குறைக்கலாம்.

முன்பக்கம் மேலே தூக்கினால் ‘குட்டை வரிசை’ உதவும். வரிசை முடியும் முன்பே திரும்பிப் பின்னுவதால், அந்த இடம் மட்டும் நீளும். 4 இன்ச்சுக்கு 30 வரிசை வருபவர்கள், 1 இன்ச் நீளம் கூட்ட 8 குட்டை வரிசை போட்டால் போதும். கூன் விழுந்த பாட்டிக்கு இதையே மேல் முதுகில் போடுங்கள், பின்பக்கம் ஏறிக்கொள்ளாது. தோள்வலியால் கையைத் தூக்க முடியாதவருக்குத் தலைவழி போடும் ஸ்வெட்டர் தண்டனை. முன்பக்கம் திறந்து, பெரிய பட்டன் வைத்துப் பின்னிக் கொடுங்கள்.

குழந்தைக்குத் தலைதான் முக்கியம்

ஒரு வயதுக் குழந்தைக்குத் தலைச் சுற்றளவும் மார்புச் சுற்றளவும் ஏறக்குறைய ஒன்றே. இரண்டும் சுமார் 46 சென்டிமீட்டர். கழுத்து நுழையாவிட்டால் மற்ற அளவுகள் சரியாக இருந்தும் பயனில்லை. கழுத்தைத் தளர்வாக முடிக்கவும், அல்லது ஒரு தோளில் பட்டன் வைக்கவும். கையைத் தோளிலிருந்து கீழ்நோக்கிப் பின்னினால், அடுத்த வருடம் மணிக்கட்டைப் பிரித்து இரண்டு இன்ச் நீட்டலாம். அதற்காக ஒரு சின்ன நூல் உருண்டையை எடுத்து வையுங்கள்.

பெரியவர்களின் கையையும் இப்படியே மேலிருந்து பின்னுவது நல்லது. பரிசைக் கொடுக்கும்போதே “கை நீளமா இருந்தா சொல்லுங்க, ஒரு சாயங்காலத்துல சரிபண்ணிடலாம்” என்று சொல்லிவிடுங்கள். அவர் தயங்காமல் சொல்வார். ஸ்வெட்டரும் பீரோவுக்குப் போகாது.